மெஹபூப் பாஷா குடை எடுத்துக்கொண்டு வந்தார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஹபூப் பாஷாவைப் பற்றி யாராவது எகத்தாளமாகப் பேசினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். நானே அவரை ஆயிரம் கேலி செய்திருக்கிறேன், அது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஒரே கூஜாத் தண்ணீரைக் குடித்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

யுத்தம் வந்தபோது தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் சிறிய வானிலை ஆபீஸ் ஒன்றைத் திறந்தார்கள். பஞ்சாட்சரம் என்பவர் அதிகாரி. திருநெல்வேலிக்காரனான நான், பொன்ராஜ், டைப்பிஸ்ட். பாஷா பாய் பியூன். ராயப்பேட்டையில் வீடு, கைசர் ஜஹான் என்ற மனைவி, நான்கு பிள்ளைகள். ஆள் நெட்டை. சைக்கிளில் ஏறினால் முழங்கால் இரண்டும் ஹாண்டில் பாரை இடிக்கும். அந்த சைக்கிளுக்கு எண்ணெய் போடச் சொல்லி நான் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அடையாற்று முகத்துவாரத்தில் ஆறு கடலில் விழுவதற்கு முன் ஏரி மாதிரி அகலமாகப் பரந்து கிடக்கும். அந்தத் தண்ணீருக்கும், அதன் கரைக்கும், மேலே பறக்கிற விமானங்களுக்கும் சேர்த்து மறுநாள் நிலவரத்தை ஒரே தாளில் எழுதுவோம். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு, மேகம் எத்தனை அடியில், படகு விடலாமா, விமானம் ஏறலாமா, எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு நான் அடித்துக் கொடுப்பேன். பாய் அதைச் சாந்தோம் மீனவர் குப்பத்துப் பலகையில் ஒட்டிவிட்டு, ஆற்றங்கரைப் படகு கிளப்பில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்குக் கிளப் காரியதரிசி டெலிபோனில் சொல்லிவிடுவார்.

குப்பத்தில் அந்தத் தாளை ஒரு பிள்ளையும் படிப்பதில்லை. இங்கிலீஷில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர்களுக்கு அது தேவையே இல்லை. பாய் சைக்கிளில் குடை கட்டிக்கொண்டு வந்தால் மறுநாள் கட்டுமரம் கரையிலேயே கிடக்கும். குடை இல்லையென்றால் விடியுமுன்னே கடலுக்குப் போய்விடுவார்கள். படகு கிளப்பில் வேலை பார்க்கிற ஆட்களும் அதே குப்பம்தான் என்பதால் அங்கேயும் அதே சட்டம். நான் விரல் நோக அடித்த தாளில் சுண்டல் மடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு ஆத்திரம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நாற்பத்தேழாம் வருஷம் தை மாதம். யுத்தம் முடிந்து, தற்காலிகமாக வேலைக்கு எடுத்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு பியூனைக் காயம், அதாவது நிரந்தரம், செய்யலாம் என்று உத்தரவு வந்திருந்தது. இருந்த பியூன்கள் இரண்டு பேர். அதிகாரி எழுதி அனுப்புகிற பெயருக்குத்தான் டில்லியில் முத்திரை விழும். பாய்க்கு அப்போது நாற்பத்தெட்டு வயசு. இதைவிட்டால் அந்த வயசில் வேறு எவன் வேலை கொடுப்பான்? கைசர் ஜஹான் நாகூருக்கு நேர்ந்துகொண்டார். பாய் தினமும் என்னிடம், "சார் எழுதிட்டாரா?" என்று கண்ணாலேயே கேட்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது வினை. படகு கிளப்பில் சனிக்கிழமை வருஷாந்திரப் பந்தயம். கவர்னர் மாளிகையிலிருந்து பெரிய துரைசானி பரிசு கொடுக்க வருகிறார். பறக்கும் கிளப்புக்காரர்கள் இரண்டு விமானத்தைத் தாழப் பறக்கவிட்டுப் பூத்தூவுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை நான் அடித்த அறிக்கை எனக்கு இன்னும் மனப்பாடம். வானம் துப்புரவாகத் தெளிவு, மெல்லிய வடகிழக்குக் காற்று, படகுக்கும் விமானத்துக்கும் ஒரு தடையும் இல்லை.

அன்று பாய் குடையைக் கட்டிக்கொண்டு போனார்.

காரணம் ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் குடைக்கு இரண்டு கம்பி ஒடிந்திருந்தது. மயிலாப்பூர்க் குளத்தோரம் குடை ரிப்பேர் செய்கிறவன், மழையெல்லாம் ஓய்ந்த தை மாதத்தில் பாதிக் கூலிக்குச் செய்வான். வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போயிருக்கிறார். அவ்வளவுதான். குப்பமே தன் சைக்கிளைப் பார்க்கிறது என்பது ஆண்டவன் சத்தியமாக அந்த நிமிஷம் அவர் நினைப்பில் இல்லை.

மறுநாள் ஒரு கட்டுமரம் இறங்கவில்லை. படகு கிளப் ஆட்கள் பந்தயப் படகுகளைத் தூக்கிக் கொட்டகையில் வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். காரியதரிசி வந்து பார்த்தார். மேஜையில் எங்கள் தாள் இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பாரா? கடலில் பிறந்து வளர்ந்தவர்களே கட்டிவிட்டார்களே என்று பயந்துபோய்ப் பந்தயத்தை நிறுத்தினார். டெலிபோனில் சேதி போய், மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கும் தார்ப்பாய் போட்டு முளை அடித்தார்கள். அந்த வருஷத்திலேயே அதைவிட அழகான நாள் வரவில்லை. துரைசானி வெறும் தண்ணீரைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திங்கட்கிழமை சிரிப்பு நின்றது. உங்கள் பியூன் பொய்யான புயல் பீதி கிளப்பினார், நடவடிக்கை எடுங்கள் என்று கிளப்பிலிருந்து காகிதம் வந்துவிட்டது. பஞ்சாட்சரம் சார் புதன்கிழமை விசாரணை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை நான் பாயை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப்போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். குடை ரிப்பேருக்குப் போச்சு, குப்பத்துக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே என்றேன். பாய் தலையைத் தலையை ஆட்டினார். ஒரு மாதிரி விழித்தார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

விசாரணை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாய் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். சார் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் வாசலில் மீன் வாசனை. குப்பத்திலிருந்து தங்கம் என்ற பெண்பிள்ளை கூடையோடு நேரே உள்ளே வந்துவிட்டாள். பின்னால் அவள் புருஷன் தனபாலன், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு. அந்த ஆளுக்கு வாய் வராது. இவளுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து வரும்.

"இவரு மேல இன்னா தப்புகீது சார்? சண்டை நடந்தப்போ வானத்தப் பத்தி மூச்சுவிட்டா ஜெயிலுன்னாங்க. பலகையில ஒரு தாளு இல்ல. பாய் வாயே தொறக்கல. கெட்ட நாளுன்னா குடை கட்டிக்கினு வருவாரு, நாங்க போவமாட்டோம். அதனாலதான் எம் புருஷன் இந்த ஆளு உசுரோட நிக்கிறாரு."

காப்பாற்ற வந்தவள் குழி தோண்டிவிட்டாளே! பலகையில் ஒட்டுவதெல்லாம் பின்னால் வந்த வழக்கம்; யுத்த காலத்தில் வானிலைச் சேதி ராணுவ ரகசியம். எதிரி விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று அறிக்கையை உறையில் போட்டு அரக்கு வைத்து, கடற்கரைப் பட்டாளத்துச் சாவடிக்கு மட்டும் அனுப்புவோம். அதைக் கொண்டுபோனவர் பாய். அது வெளியே கசிந்தது என்றால் காயம் என்ன, கம்பி எண்ண வேண்டியதுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல் பாய் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"நிஜமா?" என்றார் சார்.

பாய் தங்கத்தைப் பார்த்தார். தனபாலனைப் பார்த்தார். "நிஜம் சார். உறைய நான் தொறந்ததில்ல. புயல் நாள்ல மட்டும் மேல சிவப்புக் கோடு போடுவீங்க. அது தெரியும். கரைல புள்ளைங்க வெளையாடிக்கினு இருக்கும், என்னால சும்மா போவ முடியல."

சார் தனபாலனைப் பார்த்து, குடையைப் பார்த்துப் போகாமல் உயிர் தப்பியது எந்த நாள் என்று கேட்டார். அரிசிக்குக் கார்டு போட்ட வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம் என்றாள் தங்கம். பதினேழு கட்டுமரம் இறங்க இருந்தது, மரத்துக்கு ரெண்டு பேர் என்றாள்.

சார் தானே எழுந்து பீரோவைத் திறந்து பழைய கட்டு ஒன்றை எடுத்து வந்தார். அவரே பைல் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்த வாரத்துத் தாளைப் புரட்டினார். அவர் கையெழுத்து. மேலே சிவப்புக் கோடு. வெளியிடக் கூடாது என்று முத்திரை.

"இதை எழுதிட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலம்மா. கரையில இத்தனை பேர் இருக்காங்களே, சொல்ல முடியலையேன்னு. எத்தனை பேர் போய்ட்டாங்களோன்னு நாலு வருஷமா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"யாரும் போவல சார்" என்றாள் தங்கம்.

அவர் பேனாவை எடுத்து, அரசாங்கத் தாள் என்றும் பாராமல், தன் கையெழுத்துக்குக் கீழே முப்பத்தி நாலு என்று எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, டில்லிக்குப் போகிற பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோர் முன்னாலும் பாய் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.