அண்ணன் மடித்து வைத்த சிமெண்டுப் பைகள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, எங்களோடு இலையில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

அண்ணன் பிறந்தது சுவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நீலாய்க்குக் கட்டட வேலைக்குப் போனார். கல் சுமந்தார், பலகை அடித்தார், வீடமைப்பு வேலைகளில் சைட் சூப்பர்வைசர் ஆனார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

அவரைப் பார்க்கிறவர்கள் கனவு காணும் மனிதர் என்றுதான் நினைப்பார்கள். கூரை போடாத வீட்டின் நடுவே மேலே பார்த்தபடி அசையாமல் நிற்பார். அறைக்கு அறை மேகம் நகர்ந்து போகும். சன்னல் வைக்காத ஓட்டை வழியாக வெயில் வந்து அவர் தோளில் விழும். நான் சோறு கொண்டுபோய் நின்றாலும் தெரியாது. "போஸ் நின்னுக்கிட்டே தூங்குறாரு" என்று வேலையாட்கள் தங்கள் மேற்பார்வையாளரைக் கேலி செய்வார்கள். உண்மையில் அவர் மனத்துக்குள் போடாத கூரைக்குப் பலகை அடுக்கிக்கொண்டிருப்பார், எந்தப் பக்கம் தொடங்கினால் துண்டு மிஞ்சாது என்று.

"வெட்டிட்டு யோசிக்கிறவன் பாதிப் பலகைய குப்பைக்குத்தான் அனுப்புவான்லா" என்பார்.

அப்படியும் மிஞ்சுவது மிஞ்சும். மரம் ஓரிடம், இரும்பு ஓரிடம். உடைந்த கல்லை லோரி வரும் சேற்றுப் பாதையில் பரப்பிவிடுவார். வெறும் சிமெண்டுப் பைகளை உதறி, நாலாக மடித்து, கயிறு போட்டுக் கட்டுவார்.

"கல்யாணப் பொடவையாண்ணே அது?" என்று கேட்டிருக்கிறேன்.

"சிரி, சிரி. பறந்து போயி யார் வீட்டு லோங்காங்க அடைச்சி, சாக்கடைத் தண்ணி உள்ள வருமோ, அப்பத் தெரியும்."

என் கணவரிடம் ஒரு லோரி இருந்தது. சைட்டின் கழிவை ஏற்றிப்போகும் வேலையை அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். ஒரு மழைக்காலத்தில், குப்பை கொட்டும் இடத்தில் லோரிகள் நீளமாக வரிசை பிடித்து நின்றன. பொறுமை இழந்த என் கணவர், சுவாவில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் ஆற்றோரமாகக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். மறுவாரம் அந்த வழியாக அம்மாவின் சமாதிக்கு மோட்டார் சைக்கிளில் போன அண்ணன் அந்தக் குவியலைப் பார்த்தார். நாலாக மடித்துக் கட்டிய பைகள் மேலேயே கிடந்தன. இந்த வட்டாரத்தில் வேறு யார் அப்படி மடிப்பார்கள்?

நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, கெளம்புங்க. திரும்ப ஏத்திருவோம், நானும் வர்றேன்" என்றார். இருவரும் நாள் முழுக்கச் சேற்றில் நின்று அள்ளி, கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அண்ணன் ஆபீசில் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டார். என் கணவரின் வேலை போயிற்று.

"தங்கச்சி புருஷன்னு மறைச்சா, நாளைக்கு அடுத்தவன நான் எந்த வாயால கேக்குறது?" என்றார். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

இரண்டு மாதத்தில் என் மகளுக்குக் காதுகுத்து, லுக்குட்டில் கோயில் மண்டபத்தில். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையைப் பெரியப்பா மகனின் மடியில் உட்கார வைத்தேன். அண்ணன் கம்மலும் பட்டுப்பாவாடையும் பழமும் வைத்த தட்டோடு உள்ளே வந்தார். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மண்டபமே பார்த்தது. நான், "குத்துங்க" என்றேன்.

அண்ணன் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பந்தியில் சாப்பிட்டார். அண்டாக்களை எட்டிப் பார்த்தார். புறப்படும்போது என்னிடம் வந்தார்.

"சோறு கொஞ்சங்கூட வீணாகல தங்கச்சி. நல்லா அளந்து செஞ்சிருக்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் கணவர் முதலில் மனம் மாறினார். அவராகவே போய் அண்ணனைப் பார்த்தார். வேறு சைட்டில் வேலை எடுத்து, மழையோ வெயிலோ, வரிசையில் நின்று கொட்டிவிட்டு வருவார். அண்ணன் பழையபடி தீபாவளிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தார். காதுகுத்து நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மருத்துவமனையில் கடைசி நாட்களில், அரைத்தூக்கத்தில் ஏதேதோ வீடுகளுக்குள் நடந்துகொண்டிருந்தார். "மூணாவது ரூம் முடிஞ்சிருச்சி, ஒரு துண்டு மிஞ்சல" என்று சிரித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துவிட்டேன். மறுநாள் விடியும்போது அண்ணன் போய்விட்டார்.

கண் மூடாமல் கவனித்த அண்ணிக்கும், தாதியருக்கும், நீலாயிலிருந்து வந்து தோள் கொடுத்த வங்காளதேசத்துத் தொழிலாளத் தம்பிகளுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அன்று லுக்குட் மண்டபத்தில் இருந்தீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணே, உங்களுக்குரிய இடத்தை இத்தனை பேர் பார்க்கத்தான் பறித்தேன். இத்தனை பேர் பார்க்கவே கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.