மகளின் முழங்காலும் என் கண்ணில் விழுந்த இரும்பும்

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிறு காலை காலண்டர் மாட்டுவதற்காகச் சுவரில் ரெண்டு தட்டுத் தட்டினார். அதற்குள் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்துவிட்டார். சண்டையில்லை, கோபமில்லை. சிரித்த முகத்தோடு "ரூஹெடாக்" என்று மட்டும் சொன்னார். ஓய்வு நாளாம். இவர் ஓமலூர்க்காரர், சாது. உடனே சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சுத்தியல் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். இப்படி அடங்கிப்போன ஊரில் மனுசர் எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

எங்கள் மகள் யாழினி இந்த ஊரிலேயே பிறந்தவள். பதினான்கு வயது. பள்ளியில் ஹேண்ட்பால் ஆடுகிறாள். போன குளிர்காலத்தில் ஓர் ஆட்டத்தில் சட்டென்று திரும்பும்போது அவளுடைய முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவிவிட்டது. காலை நீட்டியதும் தானாக உள்ளே வந்தது. அப்புறம் மாடிப்படியில், குளியலறையில் என்று அது நினைத்தபோதெல்லாம் நழுவ ஆரம்பித்தது. எலும்பு மருத்துவர் சில்லை விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். பிள்ளை அலறிக்கொண்டு அவர் கையைப் பிடித்துவிட்டாள். சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் நார் அறுந்திருக்கிறதா, சில்லு ஓடும் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால்தான் பயிற்சி போதுமா, அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று சொல்ல முடியும் என்றார். ஒவ்வொரு தடவை நழுவும்போதும் உள்ளே தேய்மானம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆனால் படம் எடுக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சேலமாக இருந்தால் காலையில் போய் மத்தியானம் படத்தோடு வீடு வந்து சேர்ந்திருக்கலாம் என்று நான் புலம்பாத நாளில்லை.

யாழினிக்கு அடைசலான இடம் என்றால் ஆகாது. லிஃப்டில்கூட என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அம்மா உள்ள வந்தாத்தான் படுப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். முழங்காலுக்கு என்பதால் கால்கள்தான் இயந்திரத்துக்குள் போகும், தலை வெளியே இருக்கும், அம்மா பக்கத்தில் உட்காரலாம் என்று நானும் போனில் கேட்டு வைத்திருந்தேன். அந்த இயந்திரமே பெரிய காந்தம் என்பதால் தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். சோப்புப் போட்டு மெட்டியையும் உருவியாயிற்று. என் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்ற மிதப்பில் போனேன்.

அங்கே படம் எடுக்கும் பெண், உள்ளே வருகிற அம்மாவுக்கும் கேள்விகள் உண்டு என்றார். இதயத்தில் ஏதாவது கருவி? இல்லை. எலும்பில் கம்பி, தகடு? இல்லை. கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா?

"நைன்", இல்லை என்றேன். ஒளிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கொசு கடித்ததுண்டா என்று கேட்டால் யார் கணக்கு வைத்துச் சொல்வார்கள்?

யாழினி என் கையைச் சுரண்டினாள். "அம்மா, அந்த ஸ்பீக்கர் காந்தம்?"

நான்தான் அவளுக்குச் சொன்ன கதை அது. அப்பாவின் பட்டறையில் கிரைண்டர் ஓடாத நேரம் குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பொறி பறந்து யார் கண்ணிலாவது விழுந்துகொண்டே இருக்கும். அதற்கென்றே பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று தூணில் கயிற்றில் தொங்கும். எனக்கு விழுந்தபோது அப்பா, "கசக்காதீங்க சாமி, இங்க வாங்க" என்று முகத்தை நிமிர்த்தி, இமையைத் திருப்பி, காந்தத்தைக் கண்ணருகில் கொண்டு வந்தார். "அவ்வளவுதான், வந்துருச்சு பாருங்க" என்று விரல் நுனியில் கறுப்பாக எதையோ காட்டினார். கண்ணில் ஊதிவிட்டு, அழுகை நிற்கும் வரை மடியில் வைத்திருந்தார். வேலையாட்கள் காத்திருக்க அப்பா மடி எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். அதனால் அந்த இரும்பின்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

இதை அந்தப் பெண்ணுக்கு என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். "ஒன்றும் பயமில்லை. ஏற்கெனவே காந்தம் வைத்து எடுத்தாயிற்று. உங்கள் காந்தம் இழுக்க மிச்சம் எதுவும் இருக்காது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் வெல்டிங் வேலை செய்தவரா?"

"இல்லை. அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன்."

"பிறகு எப்படி?"

"நாமக்கல்லில் வளர்ந்தேன்."

அதை ஏதோ வியாதியின் பேர் என்று நினைத்திருப்பார் போல. கண்ணுக்குள் பொடி மிச்சமிருந்தால் இந்தக் காந்தம் அதை நகர்த்திவிடும், பார்வையே போகலாம் என்றார். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இன்றைக்கு அதற்கு வழியில்லை. நான் வெளியேதான் இருக்க வேண்டும். பிள்ளை தனியாகப் படுக்க மாட்டாள் என்றால் வேறு தேதி வாங்கிக்கொள்ளலாம்.

மறுபடி வாரக்கணக்கா? அதற்குள் சில்லு எத்தனை தடவை நழுவுமோ? எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வருசமா ஒண்ணுமாகாத கண்ணு சாமி. உடுங்க, அம்மா வாரேன்" என்று அவளிடம் தமிழில் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. நான் தமிழில் கேட்டாலும் ஜெர்மனில் பதில் சொல்லிப் பழகியவள், அன்றைக்குத் தமிழிலேயே சொன்னாள். "வேண்டாம்மா. நீங்க வராதீங்க. எனக்குக் கால்தான. உங்களுக்குக் கண்ணு."

சொல்லிவிட்டு, விந்தி விந்தி அவளே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடி வழியாக அவள் தலை மட்டும் தெரிந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். இயந்திரம் சுத்தியல்போல் அடிக்க ஆரம்பித்ததும் பாவம், பிள்ளை துடிக்கப் போகிறாளே என்று கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். சத்தம் நின்ற இடைவெளியில் அந்தப் பெண் மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டார். "அம்மா இங்கதான் நிக்கறேன் சாமி. கால ஆட்டாதீங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலேயே பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். என் பிள்ளையை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

படத்தில் நார் அறுந்திருப்பது தெரிந்தது. பள்ளமும் ஆழம் குறைவுதான். நல்லவேளை, தேய்மானம் இல்லை. நாரைச் சரிசெய்ய அறுவை, ஆறியபின் இன்னொரு படம் என்று முடிவானது. அந்தப் படத்துக்காவது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா? அடுத்த வாரமே கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். யாழினியும் முழங்காலில் பட்டையோடு கூட வந்தாள்.

மேலே பார்க்கச் சொன்னார்கள், கீழே பார்க்கச் சொன்னார்கள். இரும்பு இருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்றார்கள். அப்பா காலமாகி, அண்ணன் பட்டறையை விற்று, அந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம் நிற்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். இறங்க மனசு வரவில்லை.

இளம் மருத்துவர் திரையில் படத்தைக் காட்டினார். "சுத்தமாக இருக்கிறது. எதுவுமே இல்லை. நீங்கள் தாராளமாக உள்ளே போகலாம்."

யாழினி என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, இனி நீங்க என்கூட வரலாம்!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அழறீங்க?" என்றாள்.

"சந்தோசம் சாமி" என்றேன். சந்தோசம்தான், பொய்யில்லை. அவள் என் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். நானோ அந்தத் திரையில், என் கண்குழியின் கறுப்பில், ஒரு வெள்ளைப் புள்ளியாவது இருக்காதா என்று தேடிக்கொண்டு நின்றேன்.