அடைப்புக்குறிக்குள் கும்மாளம்

காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சியில் ஓடும் வரிகளைத் தட்டச்சு செய்வது என் அத்தையின் வேலை. நேரலைக் கால்பந்து அவள் பொறுப்பு. வர்ணனையாளர் பேசுவதை அப்படியே அடிப்பாள். கூட்டத்தின் சத்தத்தை அடைப்புக்குறிக்குள் போடுவாள். கைதட்டல், கூச்சல், ஆரவாரம். 'கும்மாளம்' என்று ஒருமுறையும் போட்டதில்லை.

"கும்மாளம்னா கொஞ்சமாவது புத்தி தடுமாறியிருக்கணும். டிக்கெட் வாங்கி வரிசையா உக்காந்திருக்கிறவங்களுக்கு ஆரவாரம் போதும்" என்பாள்.

மாமாவுக்கு ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். அத்தையின் வரிகளைப் படித்து ஆட்டம் பார்ப்பார்.

"கோல் விழுந்தாலும் ஆரவாரம், பந்து வெளியே போனாலும் ஆரவாரம். என்னடி இது?"

"படத்தப் பாருங்க."

"படம் தெரியுது. சத்தத்ததான் கேக்குறேன்."

நிலையத்துக்குப் புகார்கள் வந்தன. அவற்றில் ஒன்று மாமா அனுப்பியது. இறுதி ஆட்டத்துக்கும் புகார் வந்தால் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொன்னார். வெங்காயம் வதங்கும் சத்தத்தை எழுதிக் காலம் தள்ளுவதை நினைத்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

இறுதி ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் விழுந்தது. அத்தைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் அவள் மேசைமேல் ஏறினார். அவர் கால் பட்டு ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. அரங்கத்தின் சத்தம் அடங்கி அறையின் சத்தம் கேட்டது. காதில் விழுவதை அடிப்பது அவள் விரல்களின் பழக்கம். திரையில் தோற்ற அணியின் கோல்கீப்பர் தனியாக உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே வரி ஓடியது:

(கும்மாளம். மேசைமேல் ஒருவர் ஆடுகிறார். "அம்மா, அம்மா" என்கிறார்.)

மறுநாள் புகார்கள் குவிந்தன. மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா இப்படிப் போட்டுட்டீங்க?"

"கேட்டதத்தான் சார் போட்டேன்."

"உங்கள மாத்தணும்னா காரணம் சொல்லணும். ஆடுனது யாருன்னு மேலிடத்துல கேப்பாங்க. கால்பந்துலயே இருங்க."

வீட்டுக்கு வந்ததும் மாமா பிடித்துக்கொண்டார்.

"ஆடுனது யாரு?"

"எங்க மேனேஜர்."

"மேசை என்னாச்சு?"

"ஒரு கால் உடைஞ்சுபோச்சு."

"அதையும் போட்டிருக்கலாம்ல" என்றார் மாமா.