கச்சான்

நிலக்கடலையைக் கச்சான் என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். நம் இலங்கை மலையகத்து ஹட்டன் ரயிலடியில் அப்படித்தானே கூவி விற்பார்கள்! தூத்துக்குடியில் ஒரு பெட்டிக்கடையில் "அண்ணாச்சி, கச்சான் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "ஏலே, இங்கன வந்து பாரு. இவரு காத்தைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுதாரு!" அந்தக் கரையில் கச்சான் என்றால் மேல்காற்று. மேற்கிலிருந்து கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும் காற்று. என்னை அங்கே வரவழைத்த மாணிக்கமும் விழுந்து விழுந்து சிரித்தான்.

மாணிக்கம் என்பது அவன் பெயரல்ல, அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க நான் வைத்தது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையில், எங்கள் அறைக்கு அடுத்த காம்பிரா அவனுடையது. இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தம் எங்களை இந்தியர் என்றது, கப்பலேறினோம். நான் படித்தவன் என்பதால் கோத்தகிரியில் ஒரு தோட்ட அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. அவன் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கல் சுமந்தான். அவன் அம்மாவுக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்து, அக்கா வீட்டோடு அங்கேயே தங்கிவிட்டார். அப்போது படுத்த படுக்கை. மகனுக்கு விசா கேட்டு நான் எழுதிய மூன்று மனுக்களுக்கும் பதில் இல்லை. 'சனி, ஞாயிறு வா, ஊர் சுற்றிப் பார்க்கலாம்' என்று அவன் கடிதம் போட்டதும், மனதைத் தேற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

மாதா கோயிலைக் காட்டினான். உப்பளத்துக்குக் கூட்டிப்போனான். ஓலை மூடிய உப்புக் குவியல்கள் புதுச் சமாதிகளைப் போல வரிசையாகக் கிடந்தன. முத்துச்சிப்பி கொட்டிய மணல் என்று ஓரிடத்தைக் கைகாட்டினான். ஆனால் அவன் பார்வை தோணிகளின் பாய்மர உச்சியில் தொங்கிய துணிகளிலேயே இருந்தது. துணி எதுவும் அசையவில்லை. கடல் ஈயத் தகடு போலக் கிடந்தது.

பழைய துறையில் ஒரு வள்ளக்காரர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நம்ம ஆளுதான்" என்றான் மாணிக்கம். அவர் குரலைத் தணித்தார். "கச்சான் எடுத்துட்டுன்னா நாளைக்குப் பொழுது சாய ஏறிருவோம். கடல் முரடாத்தான் இருக்கும், பாத்துக்கிடும்."

காலையில் சிரித்துச் சிரித்துக் கற்ற சொல் இது. காற்று எழுந்ததும் இவன் விசா இல்லாமலே அம்மாவிடம் கடல் தாண்டப் போகிறான். அவன் சொல்லாததையெல்லாம் அந்த ஒரு சொல் சொல்லிவிட்டது.

"உனக்கு நீந்தக்கூடத் தெரியாதேடா."

"வள்ளம் எதுக்கு இருக்கு, மச்சான்?"

"இன்னொரு மனு எழுதுறேன். பொறு."

"நீ எழுதுற மனு போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா போய்ச் சேர்ந்துரும்." பிறகு சிரித்தான். "அங்க நம்மளத் திருட்டுத்தனமா வந்து இறங்கின கள்ளத்தோணின்னாங்க. நாம எந்தத் தோணியில போனோம்? இப்பத்தான் அந்தப் பேருக்கு ஏத்தபடி நான் ஒழுங்கா ஏறப் போறேன்."

ஞாயிறு முழுவதும் காற்றில்லை. ஒவ்வொரு மணி கழியும்போதும் நான் உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் அதே கடையில், இம்முறை சரியாக, "கடலை குடுங்க" என்றேன். பொட்டலத்தை நீட்டிய அண்ணாச்சியின் கையில் தாள் படபடத்தது. அவர் வாசலை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நேத்துக் கேட்டீரே தம்பி, இந்தா வாரான் கச்சான்!"

மாணிக்கம் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிச் சட்டைக்குள் செருகினான். "அம்மாவுக்குப் பல்லு இல்ல. இடிச்சுக் குடுத்தா சாப்பிடும்" என்றான். பிறகு துறைப்பக்கம் நடந்தான். காற்று அவன் சட்டையை முதுகோடு ஒட்டித் தள்ளிக்கொண்டு போனது.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அங்கே லயத்தில் இதைப் படிப்பவர்களே, ஒரு கிழவி இடித்த கடலை சாப்பிட்டதாக யாராவது கேள்விப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இங்கே மேல்காற்று எழும்போதெல்லாம் என் அறைக் கதவு அடித்துக்கொள்கிறது. எழுந்துபோய்ச் சாத்துகிறேன். இது உங்கள் பக்கம் போகிற காற்றாயிற்றே என்று மறுபடி திறந்து, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.