திரும்பிப் பார்க்கும் மாப்பிள்ளை

யோகேஸ்வரிக்கும் சுகுமாறனுக்கும் பரிசம் போட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, அசைபடம் செய்வதே இனித் தன் பிழைப்பு என்று அவள் துணிந்த வாரத்தில், சுகுமாறனின் தாய் சாந்தினி மகனோடு மாசாயில் இருந்த அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பரிசத்தை முறித்துக்கொள்ள!

"கார்ட்டூன் ஆட்டுறவள மருமகள்னு நாலு பேருகிட்ட எப்படிலா சொல்றது?"

சுகுமாறன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். மூடிக்கொண்டான். அந்த ஒரு கழுத்துத் திருப்பம், காய்ச்சிய ஈயமாய் யோகேஸ்வரியின் நெஞ்சுக்குள் இறங்கியது.

அழுதாள். அழுதுகொண்டே கணினியில் கற்றாள். கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து என்று கிடைத்ததையெல்லாம் அசைய வைத்தாள். பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுக்கும் கவின் கொடுத்த வேலைகள்தான். அவன் பெயரில் வெளிவரும். அவள் பெயர் எங்கும் இராது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் கவின் அழைத்தான்.

"அக்கா, யோங் பெங்ல ஒரு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர்றதுக்கு முன்னால திரையில அவங்க கதை ஓடணும். மாப்பிள்ளை பேரு சுகுமாறன். போட்டோல்லாம் அனுப்புறேன். அவங்கம்மா நச்சரிப்பு தாங்கலக்கா. எல்லா சீன்லயும் அவங்களையும் போடணுமாம்!"

"போட்டுட்டா போச்சு," என்றாள் யோகேஸ்வரி. வந்த படங்களில் இருந்தது அதே சுகுமாறன்தான்; அதே சாந்தினிதான்!

பெண்ணைத் தேவதைபோல் வரைந்தாள். சாந்தினிக்குப் பட்டுச்சேலை கட்டி, கேட்டபடியே எல்லாக் காட்சியிலும் ஓரமாய் நிறுத்தினாள். மாப்பிள்ளை பெண்ணிடம் பேசுமுன் தாயைத் திரும்பிப் பார்த்தான். மோதிரம் போடுமுன் பார்த்தான். தேநீர் குடிக்குமுன்னும் பார்த்தான். கவின் அவசரத்தில் கைப்பேசியில் ஓட்டிவிட்டு, "அழகா இருக்குக்கா" என்று வாங்கிக்கொண்டான்.

கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்தே அழைத்தான்.

"அலமாக், என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க! மண்டபமே சிரிக்குது. பொண்ணு மட்டும் சிரிக்கல..."

அதற்குள் கைப்பேசி கைமாறியது. "யாரும்மா நீ? என் மகன இப்படிக் கேவலப்படுத்திட்டியே!"

"யோகேஸ்வரி பேசுறேன், அத்த."

"நீயா!"

"உங்க மகன் எப்படி அசைவாரோ அப்படித்தான் அசைய வச்சேன். தப்புன்னா சொல்லுங்க, இப்பவே திருத்தித் தர்றேன்."

சாந்தினி அழைப்பைத் துண்டித்தாள்.

அன்றோடு கவின் வேலை கொடுப்பதை நிறுத்தினான். அடுத்த மாத வீட்டு வாடகைக்கு வழி தெரியவில்லை. ஆனால் யோகேஸ்வரிக்கு வருத்தம் துளியும் இல்லை. மறுநாள் காலை அந்த மாப்பிள்ளைப் பொம்மைக்கு வேறு முகம், வேறு சட்டை மாட்டி, தன் தொழிலுக்கே புதிய விளம்பரம் ஒன்று செய்து இணையத்தில் போட்டாள். கீழே, முதன்முறையாகத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்தாள்.