கடலுக்கு அங்கிட்டு லாத்தாவின் வீடு

அந்தக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்ததும் லேசாக இனிக்கும், விழுங்கி முடித்த பிறகு தொண்டையில் பனங்கிழங்கு வாசம் கொஞ்ச நேரம் நிற்கும். கீழக்கரையில் எங்கள் தெருக் கிணறுகளில் அப்படியொரு தண்ணீர் கிடையாது. எங்கள் தண்ணீரில் குளித்தால் தலைமுடி கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும், சோப்பு நுரைக்காது, குடிக்கிற தண்ணீருக்கு வண்டிக்காரனை எதிர்பார்த்துக் குடங்களை வாசலில் வரிசையாக வைத்திருப்போம். இனித்த கிணறு கடலுக்கு அந்தப் பக்கம், தலைமன்னாரில், எங்கள் வாப்பா கட்டிய வீட்டின் கொல்லையில் இருந்தது. வேறொரு நாட்டில் எங்களுக்கு வீடு இருந்தது என்று சொன்னால், என் சட்டையையும் செருப்பையும் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை விற்பதற்கு என் கையெழுத்தைக் கேட்டு, துபாயில் இருக்கும் என் காக்கா, அதாவது என் அண்ணன், போன மாதம் போனில் ஒரு பத்திரத்தை அனுப்பினார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தினால் அல்ல, கோபத்தினால்.

வாப்பாவுக்குத் தலைமன்னார் பியரில், அதாவது கப்பல் அணைகிற பாலத்தடியில், சாப்பாட்டுக் கடை. ராமேஸ்வரத்திலிருந்து வரும் கப்பலில் இறங்கிக் கொழும்பு ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்தான் அந்தக் கடைக்கு ஆள். வருஷத்தில் பத்து மாதம் அங்கே, நோன்புக்கும் பெருநாளுக்கும் இங்கே என்று இருந்த மனிதர், கடைக்குப் பின்னால் நடக்கிற தூரத்தில் கொஞ்சம் மணல் நிலத்தை வாங்கி, இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமுமாக ஓடு போட்டுக் கட்டினார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் உம்மா, காக்கா, நான் லாத்தா என்று கூப்பிடும் அக்கா, நான், நாலு பேரும் புறப்பட்டுவிடுவோம். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதுவாள். கப்பல் ஏறியதும் காக்கா வாந்தி எடுப்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், மீசை அரும்பியவர், கடற்கரையில் பிறந்தவர், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்து லாத்தா வெள்ளைத் துப்பட்டிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். "காக்கா, மீனுக்குச் சோறு போட்டது போதும், இங்கன வந்து உக்காருங்க" என்பாள்.

கீழக்கரையில் லாத்தா பெரியவளான நாளிலிருந்து வெளிவாசலைத் தாண்டியதில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதென்றாலும் பெண்கள் நடக்கிற சந்து தனியாக உண்டு, அதிலும் துப்பட்டி உண்டு. தலைமன்னாரில் எங்கள் தெரு ஆட்கள் இல்லை, பார்த்துப் போய்ச் சொல்ல நாக்குகள் இல்லை. காலையில் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு அவள் கடல்வரை நடந்து போய் முழங்கால் தண்ணீரில் நிற்பாள், உம்மா பார்த்தும் பாராததுபோல் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அந்தத் தீவு முழுக்கச் சொந்தக்காரன் இல்லாத கழுதைகள் திரியும். அதில் ஒன்று தினமும் வந்து எங்கள் மூட்டை, பை, பாய்ச்சுருள் எல்லாவற்றையும் மூக்கால் கிண்டிப் பார்க்கும். லாத்தா அதற்கு "கஸ்டம்ஸ்" என்று பேர் வைத்தாள். "உம்மா, கஸ்டம்ஸ் வந்துட்டாக, பெட்டியத் தொறந்து காட்டுங்க" என்று அவள் கொல்லையிலிருந்து கத்த, வாப்பாவே ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டது அந்த வீட்டில்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் ஊர் வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். கீழக்கரையில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அதனால் பெண் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். ஆண்பிள்ளைக்கு எதற்கு, அவன் போகிற இடத்தில் அவன் பெண்டாட்டிக்கு வீடு இருக்கும். உம்மா இருந்த வீடு அவளும் அவள் தங்கைமார் மூன்று பேரும் ஆளுக்கு ஓர் அறையாகப் பங்கு வைத்துக்கொண்ட வீடு. அதில் லாத்தாவுக்குக் கொடுக்க இடமில்லை. வாப்பா அக்கரையில் வீடு கட்டியது அதற்காகத்தான். "எங்களுக்கு என்ன வாப்பா வச்சிருக்கீக?" என்று காக்கா ஒருமுறை கேட்டபோது, "ஒங்களுக்குத்தான் காலு இருக்குல்லலே" என்றார். என் விஷயத்தில் அது பலித்தது.

லாத்தாவின் நிக்காஹ் நடந்தபோது எனக்குப் பதினோரு வயது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் சங்கு வியாபாரம், ஆகவே கடலுக்கு அந்தப் பக்கத்து வீடு அவர் பக்கத்தாருக்கும் ஒத்துவந்தது. ஓதி முடிந்ததும் ஒரு பித்தளைத் தாம்பாளம் சபைக்கு வந்தது. அதில் வெற்றிலை, பூ, நடுவில் வீட்டுச் சாவி. அதைத் தூக்கி வந்தவர் காக்கா; புதுச்சட்டைக் காலர் கழுத்தை அறுக்க, விறைப்பாக நடந்து வந்தார். பின்னால் பன்னீர்ச் செம்போடு நான். வாப்பா எழுந்து, "தலைமன்னார்ல நான் கட்டுன வீடு எம் மகளுக்கு. எம் மகன்மாருக்கு அதுல பாத்தியதை இல்ல. சபையோர் சாட்சி" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சாவி உள்ளே போனது, லாத்தா வாங்கிக்கொண்டாள். யாரும் எதையும் எழுதவில்லை. எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு அதுதான். கப்பலில் ஏற்றுகிற ஒரு மூட்டைச் சங்குக்கு மூன்று சீட்டு எழுதி வாங்குவார்கள், மகளுக்குக் கொடுக்கிற வீட்டுக்குச் சபையின் தலையாட்டல் போதும் என்று விட்டுவிடுவார்கள். சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிப் போவார்கள் என்பதை அன்று யார் நினைத்தார்கள்?

அடுத்த லீவுக்கு எல்லாரும் ஒன்றாகப் போய் லாத்தாவைக் குடிவைப்பதாக ஏற்பாடு. அதற்குள் அங்கே சண்டை மூண்டு கப்பல் நின்றுபோனது. பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரர் சூசையிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு வாப்பா ஒரு கைப்பையோடு ஊர் வந்து சேர்ந்தார். கப்பல் அடுத்த மாதம் ஓடும், அடுத்த பெருநாளுக்கு ஓடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஐந்தாறு வருஷத்தில் வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார், பிறகு இறந்துபோனார். லாத்தா சொந்த வீட்டில் சொந்தக்காரியாக ஒருநாள்கூட இருந்ததில்லை. உம்மாவின் அறையில் குறுக்கே சேலையைக் கட்டித் தடுத்து, அந்தப் பக்கம் அவளும் மச்சானும் குடித்தனம் செய்தார்கள். "கடலுக்கு அங்கிட்டு பங்களாவாம், இங்கன கக்கூசுக்கு வரிசையில நிக்கிறா" என்று உம்மாவின் தங்கைமார் அவள் காதுபடவே சிரித்தார்கள். மச்சான் சவுதிக்குப் போனார். கொஞ்சகாலம் கடிதம் வந்தது, பிறகு கடிதமும் இல்லை, அவரும் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்றார்கள். லாத்தா தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரே மகளை வளர்த்தாள். வீடு இல்லாததால் அந்தப் பெண்ணுக்கு ஊருக்குள் மாப்பிள்ளை அமையவில்லை, சாயல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். மற்ற ஊர்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவது இயல்பு. எங்கள் தெருவில் அது நாதியற்றவளின் அடையாளம். மகள் வண்டி ஏறிய அன்று லாத்தா வாசல்வரைகூட வரவில்லை.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மண்டபத்தில் ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராக நாகபுரிவரை போனேன், ரியாத்துக்கு வெளியே ஆடு மேய்த்தேன், அந்தமானில் கல் சுமந்தேன். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் தரித்ததில்லை. அங்கே சண்டை ஓய்ந்து சில வருஷம் கழித்து, மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, ரயிலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தலைமன்னாருக்குப் போனேன். சின்ன வயதில் ராமேஸ்வரத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த இடம் அது. வீட்டில் பாதி ஓடு இல்லை, கதவு இல்லை, சுவரில் யாரோ கரியால் நாள் எண்ணிக் கோடு போட்டிருந்தார்கள். சூசை கிழவராகியிருந்தார். "நான் பூட்டித்தான் வச்சனான் தம்பி. முதல்ல ஆமிக்காரர் இருந்தவங்கள், பிறகு அகதிச் சனம் இருந்தது. கதவை ஆர் கழட்டினதெண்டு தெரியாது. கிணத்தை மட்டும் தூர விடேல்ல" என்று சொல்லி, இறைத்துக் கொடுத்தார். குடித்தேன். அதே தண்ணீர். ஒரு போத்தலில் பிடித்து லாத்தாவுக்குக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் அதைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள்.

இப்போது கொழும்புக்காரர் ஒருவர் விடுதி கட்ட அந்த இடத்தைக் கேட்கிறார். உம்மாவும் இறந்துவிட்டதால், காக்கா அனுப்பிய பத்திரத்தில் வாப்பாவின் வாரிசுகள் மூன்று பேர் என்று இருந்தது. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. போன் போட்டேன்.

"காக்கா, அது லாத்தா வீடுல்ல?"

"யாருலே சொன்னது?"

"வாப்பா சொன்னாக. சபையில வச்சு."

"எனக்கு ஞாபகமில்ல. ஒனக்கு அப்ப மூக்கு ஒழுகிக்கிட்டிருந்துச்சு, நீ சாட்சியாக்கும்! ஏலே, ஒனக்குன்னு ஒரு முழம் நெலம் இருக்கா? ரெண்டு பங்கு வருது, கையெழுத்தப் போட்டுட்டுப் பேசாம இரு. மார்க்கம் சொன்னபடிதான பிரிக்கிறோம்."

ஐந்து வேளை தொழுகிற மனிதர். மார்க்கம் ஞாபகம் இருக்கிறது, தாம்பாளம் ஞாபகமில்லை. செத்தவர் விட்டுப்போனதைத்தான் பங்கு வைப்பார்கள், உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டதை எப்படிப் பங்கு வைப்பது? இதைக் கேட்காமலே போனை வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு நாள் நானும் அந்த இரண்டு பங்கைப் பற்றி யோசித்தேன். வாடகை அறையில் மேலே பார்த்தபடி, சொந்தமாக ஒரு கூரை என்று யோசித்தேன். என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

மூன்றாம் நாள் கீழக்கரைக்குப் போனேன். வீட்டை விற்க விடமாட்டேன் என்று லாத்தாவிடம் சொல்வதற்காகப் போனேன். கஸ்டம்ஸ் கழுதையையும் கிணற்றையும் அவள் கடலில் நின்றதையும் நான் பேசப் பேச, அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"நீ ஊர் ஊரா அலையிறவன், ஒனக்கு நெனச்சுப் பாக்க ஒரு வீடு இருந்தாப் போதும். எனக்கு இருக்கிறதுக்கு வேணும். எம் பேத்திக்குப் பதினேழு வயசாச்சு, அவளையும் வண்டியேத்தி அனுப்பச் சொல்றியா? அத விக்கத்தான் செய்யணும், வித்து இங்கன அவளுக்கு ஒரு வீடு வாங்கணும்."

"அப்ப காக்கா சொல்றதுதான்..."

"காக்கா யாரு விக்கிறதுக்கு? வித்தா நான் விக்கணும். எங்கிட்ட வந்து கேக்கணும், எங்கிட்ட வெல பேசணும், நான் சரின்னு சொல்லணும். அங்கிட்டு வீடு வச்சிருக்கான்னு நாப்பது வருசமா ஏச்சு வாங்குனது நான். விக்கையில மட்டும் அது வாப்பா வீடாயிருமா?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து சாவியை எடுத்து வந்தாள். துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றியிருந்தது. அந்தக் கதவே இல்லை என்று நான்தான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகும் எண்ணெய் தடவியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டை என்ன செய்யலாம் என்று இத்தனை வருஷத்தில் அவளிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை. கழுதையைப் பற்றிப் பேச வந்த நானும் கேட்கவில்லை.

காக்காவின் பத்திரத்தில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு தாளில் என் கையால் எழுதினேன். தாம்பாளத்தைத் தூக்கி வந்தவர் என் மூத்த சகோதரர், பின்னால் பன்னீர்ச் செம்போடு வந்தவன் நான், எங்கள் தகப்பனார் சொன்னதை இரண்டு பேரும் கேட்டோம், இந்த வீட்டில் எனக்குப் பங்கு இல்லை, கேட்கவும் மாட்டேன். எழுத்துப் பிழைகளை ஜமாஅத்தில் இருந்த ஒருவர் திருத்திக் கொடுத்தார். அதைப் படம் எடுத்துத் துபாய்க்கு அனுப்பினேன். காக்காவின் குரல் பதிவாக வந்தது: "நல்லா இருப்படா நீ! அவளுக்கும் கெடைக்காது, ஒனக்கும் ஒண்ணுமில்லாமப் போகும்." லாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். "ஒனக்கு என்னைக்கும் ஒண்ணுமில்லதான, காக்கா என்ன புதுசாச் சொல்றாக" என்றாள்.

இன்று நான் ராமேஸ்வரத்தில் வேன் ஓட்டுகிறேன். சுற்றுலாக்காரர்களை நிலம் முடிந்து கடல் தொடங்கும் அரிச்சல்முனைக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடுவேன். "டிரைவர், ஸ்ரீலங்கா எந்தப் பக்கம்?" என்று கேட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுத்துக்கொள்வார்கள். சில நாள் என் போனில் அக்கரையின் சிக்னல் தானாகவே விழுந்து, இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம் என்று செய்தி வரும். போனுக்குக் கப்பல் வேண்டியதில்லை. எங்களை ஏற்றிப்போன கப்பல் இல்லை, அது வந்து அணைந்த பாலத்தில் துருப்பிடித்த தூண்கள் மட்டும் நிற்கின்றன, வாப்பாவின் கடை இருந்த இடம் தெரியவில்லை, சூசை போய்விட்டார், அன்றைய சபையில் தலையாட்டியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. வாப்பா சொன்னதைக் கேட்ட ஆண்களில் மிச்சம் இரண்டு பேர். ஒருவர் ஞாபகமில்லை என்கிறார், அவருடைய சம்மதம் இல்லாமல் விற்பது சுலபமில்லை என்றும் சொல்கிறார்கள்.

வருகிற பெருநாளுக்கு அவர் ஊருக்கு வருகிறாராம். அந்தப் பித்தளைத் தாம்பாளத்தை லாத்தா பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். சாவியை அதன் நடுவில் வைத்து, காக்கா தெருவில் வந்து இறங்கும்போது எதிரே தூக்கிக்கொண்டு நிற்கப்போவது இந்த முறை நான். ஞாபகமில்லை என்பதை அதைப் பார்த்துக்கொண்டு சொல்லட்டும்.