விமானியிடம் கேட்கப் போனது

எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் போனால் எனக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது. கொதிகலன் ஆலையில் தகடு அடிக்கிற கூடத்திலேயே காலம் தள்ளிய என் கணவருக்கு, ஓய்வு பெறுவதற்குள் இரண்டு காதும் போய்விட்டன. காதுக் கருவி இருக்கிறது. பாதி நாள் அது டப்பாவுக்குள்தான் தூங்கும். விமானச் சத்தம் கேட்காமல் இருக்கிற அவர் கொடுப்பினையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. அந்த மனிதர்தான் ஒரு நாள் காலையில் செய்தித்தாளை மடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் பழைய காலத்து விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டப் போகிறார்களாம், பறந்து முடிந்ததும் விமானிகளோடு பேசலாமாம், சனிக்கிழமை நாம் போகிறோம் என்றார். வருகிறாயா என்று கேட்கவில்லை. போகிறோம் என்றார். எனக்கு ஏன் என்று புரிந்துவிட்டது. தோசை கருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் ஒரே மகன் விமானம் ஓட்டப் படிக்கும்போது இறந்து போனான். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி. தனியாக ஓட்டிக்கொண்டு போனவனுக்கு வானத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. வயல் ஒன்றில் இறக்கப் பார்த்திருக்கிறான், கால்வாய்க் கரையில் மோதிவிட்டது. எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிற நிலையில் நாங்களும் இல்லை, சொல்கிற நிலையில் அவர்களும் இல்லை.

எஞ்சின் நின்றதற்கும் தரையில் மோதியதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருந்ததே, அதில்தான் நாங்கள் இருவரும் குடியிருந்தோம், ஆனால் தனித்தனியாக. பிள்ளை பயந்திருப்பானோ என்பது அவர் கவலை. சின்ன வயதில் ராட்டினத்தில் ஏற்றினாலே அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. சோற்றில் கை வைத்தபடி, "பயந்திருப்பான்ல?" என்பார். நான் ரசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. பயந்திருப்பான், பயந்து என்னைக் கூப்பிட்டிருப்பான். தடுக்கி விழுந்தாலும் தேள் கொட்டினாலும் அவன் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். பாத்திரம் தேய்க்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த 'அம்மா' எனக்குக் கேட்கும். கேட்டால் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆனாலும் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கும். கடைசி மூச்சில் பெருமாள் நினைப்பு வர வேண்டும் என்று இந்த ஸ்ரீரங்கத்தில் வேண்டாதவர் இல்லை. நான் பெருமாளிடமே நேராகச் சொல்லிவிட்டேன், என் பிள்ளைக்கு முதலில் என் நினைப்பு வந்திருக்கட்டும், உன் நினைப்பு அதற்கப்புறம் வந்திருக்கட்டும் என்று. இதை என் கணவரிடம் சொன்னதில்லை. எனக்கு இருந்தது அது ஒன்றுதான், அதை ஏன் பங்கு போட வேண்டும்?

அவரைத் தனியாக அனுப்பினால் பஸ் மாறத் தெரியாமல் புதுக்கோட்டைக்கே போய்விடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூடக் கிளம்பினேன். உண்மையில் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது.

கிளம்புவதிலேயே வந்தது வினை. சனிக்கிழமை நாங்கள் புறப்பட வேண்டிய நேரம் ராகு காலத்தில் விழுந்தது. மகனைப் பயிற்சிக்கு அனுப்பிய அன்று ஏதோ ஆகாத நேரத்தில் ரயில் ஏற்றிவிட்டோமாம். அது பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பஞ்சாங்கம் பார்க்காமல் பால் பாக்கெட் வாங்கவும் வாசலைத் தாண்ட மாட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான் காட்டூர்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள், இதெல்லாம் எனக்கு ஆகாது. எதிர் ஃபிளாட் மாமிதான் அவருக்கு வழி சொல்லிக் கொடுத்தவர். ராகு காலம் பிறக்கும் முன்பே நம் பை ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்காம், பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு போகலாமாம். பரஸ்தானம் வைப்பது என்பார்கள். பெருமாளை மட்டுமல்ல, ராகுவையும் ஏமாற்ற இந்த ஊரில் வழி இருக்கிறது.

விடிந்ததும் இவர் பையை மாமி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். தண்ணீர் பாட்டில், குடை, துண்டு, கூடவே காதுக் கருவி டப்பா. அங்கே போய் மாட்டிக்கொள்ளலாம், இப்போது மாட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று சிக்கனம். கிளம்புகிற நேரத்தில் எதிர்க் கதவில் பூட்டு தொங்கியது. மாமியும் மாமாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். போன் அடித்தேன், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தே மணி கேட்டது. கோயிலில் அன்று எந்தச் சன்னதியில் நிற்கிறார்களோ, எப்போது தீர்த்தம் வாங்கித் திரும்புவார்களோ. காத்திருந்து பார்த்துவிட்டு, பை கிடக்கட்டும் என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு இறங்கினேன். பை இல்லாமல் போனால் பரஸ்தானம் செல்லுமா என்று ஆட்டோவில் புலம்பிக்கொண்டே வந்தார். ஊருக்கே கேட்கிற குரலில். காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. வெயிலில் ஜனம் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றது. மேலே மஞ்சள் நிறத்தில், மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை இறக்கை வைத்த ஒரு குட்டி விமானம். நெல் அரைக்கும் மில் போலச் சத்தம் போட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போயிற்று. ஒலிபெருக்கியில் ஒரு பெண் அதன் வயதையும் பெருமையையும் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் நின்றது. விமானம் மட்டும் சாய்ந்து கீழே வந்துகொண்டிருந்தது. எஞ்சினை அடக்கிவிட்டு மிதந்து இறங்கிக் காட்டுகிறார், இதுவும் வித்தையில் ஒன்று என்று அந்தப் பெண் சொல்வதற்குள் என் உயிர் போய்விட்டது. சுற்றியிருந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கத்தில் நின்று, அழகாக இருக்கிறது என்றார். அவருக்கு நின்ற சத்தமும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் நியாயமே இல்லை, ஆனால் வந்தது.

முடிந்ததும் விமானிகள் பந்தலின் கீழ் வந்து நின்றார்கள். மூன்று பேர். இரண்டு பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபிக்கு முண்டியடித்தார்கள். மூன்றாமவர் நம் ஊர்க்காரர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நரைத்த தலை, நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. மஞ்சள் விமானத்தை ஓட்டியவர் அவர்தான். எவ்வளவு வேகம் போகும், தலைகீழாகப் போனால் வாந்தி வராதா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாருக்கும் சிரித்தபடி பதில் சொன்னார். எங்கள் முறை வந்தபோதும் செல்ஃபிக்குத் தயாராகி நின்றார்.

என் கணவர் கும்பிட்டார். வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துவிட்டது. தன் சாதாரணக் குரலில்தான் கேட்டார், அது பந்தல் முழுக்கக் கேட்டது.

"சார், எங்க பையன் ட்ரெயினிங்ல ப்ளேன் விழுந்து போயிட்டான். எஞ்சின் நின்னு போச்சுன்னு சொன்னாங்க. கீழ வர்ற வரைக்கும் பயந்திருப்பானா சார்?"

பின்னால் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போனைத் தாழ்த்திக்கொண்டார்கள். விமானி முகம் மாறிவிட்டது. எங்களைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பையன் தனியாகப் போனானா, எவ்வளவு உயரத்தில் இருந்தான், எங்கே இறக்கப் பார்த்தான் என்று கேட்டார். இவருக்குக் காது கேட்காது என்று சொல்லி, தெரிந்ததையெல்லாம் நானே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

தனக்கும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறது என்றார். விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், வயல் தேட வேண்டும், எஞ்சினைத் திரும்பக் கிளப்பிப் பார்க்க வேண்டும், ரேடியோவில் சொல்ல வேண்டும், பெட்ரோலை அடைக்க வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்தது. வயல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான் என்றால் உங்கள் பையன் கடைசி வரைக்கும் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான் என்று அர்த்தம் என்றார்.

"பயம் அப்புறந்தாம்மா வரும். இறங்கி உக்காந்ததுக்கப்புறம் எனக்குக் கை நடுங்குச்சு. மேல இருக்கறப்ப நடுங்க நேரமே இல்ல."

என் கணவர் என் கையைச் சுரண்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். இருங்க என்று கையைக் காட்டினேன். அவருக்குச் சொல்வதற்கு முன் என் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். இனி இப்படி ஒரு மனிதர் என் எதிரில் வந்து உட்காரப் போவதில்லை.

"அந்த நேரத்துல யாராவது நெனப்புல வருவாங்களா சார்? வீடு, அம்மா, அந்த மாதிரி?"

அவர் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் எங்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளதைச் சொன்னார்.

"எனக்கு யாரும் வரலம்மா. அப்ப எனக்குக் கைக்குழந்தை இருந்துச்சு. அதுகூட வரல."

நான் தலையாட்டினேன். ரொம்ப நன்றி என்றுகூடச் சொன்னேன். பிறகு இவர் பக்கம் திரும்பி, காதோரம் குனிந்து, கத்தினேன். கத்தினால்தான் கேட்கும். பந்தலே கேட்கும்படி, மூக்கைத் தாழ்த்துவது, காற்றுப் பார்ப்பது என்று கை நிறைய வேலை இருந்திருக்குமாம், வயல் வரைக்கும் சரியாகக் கொண்டுவந்திருக்கிறானாம், பயப்பட நேரமே இருந்திருக்காதாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் கேட்ட கேள்வியையும் அதன் பதிலையும் சொல்லவில்லை.

அவர் முகம் தெளிவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். விமானியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, கணக்கில் வழி சொல்லாமலேயே விடையைக் கண்டுபிடித்துவிடுகிற பிள்ளை போல, அவராகவே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப நம்மளக்கூட நெனச்சிருக்க மாட்டான். நல்லவேளை."

ஆமாம் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மூக்கைத் தாழ்த்துவது, காற்றுப் பார்ப்பது, எல்லாவற்றையும் என்னிடமே திருப்பிச் சொன்னார், நான்தான் அவருக்குச் சொன்னேன் என்பதை மறந்துவிட்டு. காவிரிப் பாலம் வந்தபோது கண்டக்டரைக் கூப்பிட்டு, எங்கள் பையன் பைலட் என்றார். அப்படியா, எங்கே ஓட்டுகிறார் என்று கண்டக்டர் கேட்டது இவருக்கு விழவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். வீட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பிறகு படுத்துக் குறட்டை விட்டார். மகன் போன பிறகு அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். கரண்டியை விட்டெறிய வேண்டும் போல இருந்தது.

பாத்திரத்தை எடுத்துப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. இத்தனை காலமும் அந்தக் குரலை நானேதான் எழுப்பிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாததல்ல, கணக்கு டீச்சருக்கு அதுகூடத் தெரியாதா? ஆனாலும் அதில் என் பிள்ளை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது நான் எவ்வளவு முயன்றாலும் அவன் திரும்புவதில்லை. குனிந்த தலை நிமிராமல் ஏதோ வேலையாக இருக்கிறான்.